நாற்பது நிமிட மேடைக்கு இத்தனை பாடா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் நால்வர் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாக ஓர் இசைக்குழு நடத்தி வருகிறோம்; நால்வருமே வேலைக்குப் போகிறவர்கள். நாற்பது நிமிட நிகழ்ச்சி ஒன்றுக்காக ஆறு மாலைகள் ஒத்திகை பார்க்கிறோம். நிகழ்ச்சியன்று டிரம்ஸையும் ஆம்ப்ளிபயர்களையும் தூக்கிச் சென்று, மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, எல்லாவற்றையும் கழற்றிக் கட்டி வீடு திரும்ப நள்ளிரவாகிவிடுகிறது. சென்ற முறை கேட்க வந்தவர்கள் இருபத்துமூன்று பேர். அவர்களிலும் சிலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதே நேரத்தை ஒலிப்பதிவில் செலவிட்டு இணையத்தில் ஏற்றினால் எத்தனையோ பேர் கேட்பார்களே, மேடைக்காக இவ்வளவு பாடுபடத்தான் வேண்டுமா என்று எங்களுக்குள் விவாதம் ஓயாமல் நடக்கிறது. உங்கள் கருத்து என்ன?

பதில்: உங்கள் களைப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. நானும் முப்பது ஆண்டுகளாகச் சிறிய அரங்குகளில் வயலின் வாசித்து வருகிறவன். நள்ளிரவில் மாடிப்படிகளில் ஒலிபெருக்கியைச் சுமந்து ஏறியவன். ஆகவே கணக்கைச் சரியாகவே போட்டுப் பார்ப்போம். ஆறு மாலைகள், மாலைக்கு இரண்டு மணி நேரம், நால்வர் என்று வைத்துக்கொண்டால் ஒத்திகைக்கு மட்டும் 48 மணி நேர உழைப்பு ஆகிறது. நிகழ்ச்சி நாளில் ஆளுக்கு ஏழு மணி நேரம் என்றால் இன்னும் 28. மொத்தம் 76 மணி நேரத்தைக் கொடுத்து நாற்பது நிமிடத்தை வாங்கியிருக்கிறீர்கள் என்று பார்த்தால் மனம் சோர்ந்துபோவது இயல்புதான்.

ஆனால் அந்த 48 மணி நேரத்தை மேடையின் கணக்கில் எழுதுவது சரியில்லை என்று நினைக்கிறேன். ஒலிப்பதிவு செய்வதாக இருந்தாலும் நீங்கள் ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் பதிவுக்கூடத்துக்குப் போனால் அந்த நேரம் அங்கே கரையும். மேடைக்கென்று கூடுதலாக நீங்கள் செலவழிப்பது அந்த 28 மணி நேரம்தான். அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

எனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு மெதுவாகத் தொடங்கும் ஓர் இசைத்துண்டை எங்கள் குழு உருவாக்கியிருந்தது. தொடக்கத்தில் வயலின் மட்டும் தனியாக நான்கு நிமிடம் ஒலிக்கும். அந்தப் பகுதியின்மீது எனக்கு அளவு கடந்த பற்று. ஒத்திகை அறையில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், பதிவு செய்து போட்டுக் கேட்டும் இருக்கிறேன். ஒருமுறைகூட அது நீளம் என்று தோன்றியதில்லை. பிறகு ஒரு சிறிய கூடத்தில் பதினொரு பேர் முன்னிலையில் வாசித்தேன். இரண்டாவது நிமிடத்தின் முடிவில் முன்வரிசையில் இருந்த பெரியவர் கால்மேல் போட்டிருந்த காலை எடுத்துக் கீழே வைத்தார், சற்றுப் பொறுத்து மீண்டும் மாற்றிப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அவர் எழுந்து போகவில்லை, முகம் சுளிக்கவில்லை, முடிந்தபின் அன்போடு கைதட்டவும் செய்தார். ஆனால் அந்தக் கால் அசைந்த நொடியிலேயே, நான் சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிட்டு வெறுமனே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்துவிட்டது. மறுநாள் அந்தப் பகுதியைப் பாதியாகக் குறைத்தேன். இன்றுவரை அப்படியேதான் வாசிக்கிறேன்.

மேடை தருவது இதுதான். கேட்பவரின் செவி வழியாக நம் இசையை நாமே கேட்கும் வாய்ப்பு அங்கே கிடைக்கிறது. ஒலிவாங்கி நாம் வாசித்ததைத் திருப்பித் தருமே தவிர, எந்த இடத்தில் ஒரு மனிதரின் கவனம் நழுவியது, எந்த இடத்தில் கூடமே மூச்சை அடக்கிக்கொண்டது என்பதைச் சொல்லாது. இணையத்தில் ஏற்றிய பாட்டுக்குக் கீழே காணும் எண்ணும் அதைச் சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. ஒத்திகையில் யாராவது தவறினால் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்குகிறோம். ஆகவே தவறுவதற்கும் நிறுத்துவதற்குமே நம்மையறியாமல் பழகிவிடுகிறோம். மேடையில் பாடகர் ஒரு சுற்று முன்னதாகவே எடுத்துவிட்டால், டிரம்ஸ் வாசிப்பவரும் பேஸ் கிதார் வாசிப்பவரும் அரை நொடிக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அவரோடு சேர்ந்து தாவுவதா நிற்பதா என்று முடிவெடுத்தாக வேண்டும். அந்த அரை நொடிப் பார்வை ஒரு குழுவுக்கு வாய்த்துவிட்டால் அதன் பிறகு அது செய்யும் ஒலிப்பதிவும் வேறு தரத்தில் இருக்கும். இதை எந்த அறையிலும் கற்றுக்கொள்ள முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

இருபத்துமூன்று பேர் என்று வருந்துகிறீர்கள். இருபத்துமூன்று பேர் நாற்பது நிமிடம் அமர்ந்திருந்தார்கள் என்றால் 920 நிமிடங்கள். பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் மனிதர்கள் உங்கள் இசையோடு ஒரே அறையில் இருந்திருக்கிறார்கள். கைப்பேசி பார்த்தவர்களுக்காகப் பாதியைக் கழித்துவிட்டாலும் மிச்சம் சிறியதன்று. பிழைப்புக்கு ஓடிக்கொண்டிருக்கும் நால்வருக்கு அத்தனை நேரத்தை முன்பின் தெரியாதவர்கள் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதே வேளையில் எல்லா அழைப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னணியில் ஒலிப்பதற்காக மட்டுமே உங்களைக் கூப்பிடுகிற இடத்தில் நான் மேலே சொன்ன எதுவும் நடக்காது. அங்கே யாருடைய செவியும் உங்களுக்குக் கிடைப்பதில்லை. அத்தகைய அழைப்புகளைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு நான்கைந்து நிகழ்ச்சிகள் போதும். ஒவ்வொன்றுக்கும் புதுப் பாட்டுகளைச் சேர்க்காமல் ஒரே பட்டியலை மூன்று இடங்களிலாவது வாசியுங்கள்; முதல் மேடையில் கற்றதை இரண்டாவது மேடையில் சோதித்துப் பார்க்க அப்போதுதான் முடியும், ஒத்திகை மாலைகளும் ஆறிலிருந்து இரண்டாகக் குறையும். இருபத்துமூன்று பேர் அமரும் அறைக்கு முழு டிரம்ஸ் தேவையே இல்லை. ஒரு ஸ்நேர் (சிறிய முரசு), ஒரு ஹைஹாட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தாளத்தட்டு), குச்சிக்குப் பதிலாகத் தட்ட ஒரு ஜோடி பிரஷ் போதும். பாடகருக்கு மட்டும் ஒரு மைக் வைத்துக்கொண்டு மற்ற கருவிகளை அவற்றின் இயல்பான ஒலியிலேயே வாசித்துப் பாருங்கள். மூன்று மணி நேர ஆயத்தம் நாற்பத்தைந்து நிமிடமாகிவிடும்.

கேள்வி: பியானோ மேதை கிளென் கூல்டே கச்சேரிகளைக் கைவிட்டு ஒலிப்பதிவுக்குள் போய்விட்டார். பீட்டில்ஸ் குழுவும் சுற்றுப்பயணத்தை நிறுத்திய பிறகுதான் தங்கள் மிகச் சிறந்த ஆல்பங்களைச் செய்தது. அப்படியானால் மேடை என்பது இசைக்குத் தடையென்றுதானே பொருள்?

பதில்: இரண்டு செய்திகளும் உண்மை. கூல்ட் தம் கடைசிப் பொதுக் கச்சேரியை 1964 ஏப்ரல் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் வாசித்தார். அப்போது அவருக்கு வயது 31. அதன் பிறகு 1982-இல் மறையும்வரை அவர் பார்வையாளர் முன் கச்சேரி செய்யவில்லை. ஒரே பகுதியைப் பல முறை வாசித்துச் சிறந்தவற்றை வெட்டி ஒட்டும் உரிமை கலைஞனுக்கு வேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் பதின்ம வயதிலேயே மேடையேறி, பல நாடுகளில் வாசித்து, மேடை என்ன தரும் என்ன தராது என்பதைத் தம் உடம்பாலேயே அறிந்த பிறகு அவர் எடுத்த முடிவு அது. மேடையே ஏறாத ஒருவர் அந்த முடிவை அவரிடமிருந்து கடன் வாங்கிக்கொள்ள முடியாது.

பீட்டில்ஸ் கதை இன்னும் ஆழமாகப் பார்க்கத்தக்கது. 1965-இல் நியூயார்க்கின் ஷே அரங்கில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன் அவர்கள் வாசித்தபோது மேடையிலிருந்த கிதார் ஆம்ப்ளிபயர்கள் வெறும் 100 வாட் திறன் கொண்டவை. பாடுகிறவர் தம் குரலைத் தாமே கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர்கள் அன்றைக்கு வழக்கத்தில் இல்லை. கூச்சலில் தாங்கள் என்ன வாசிக்கிறோம் என்பதே அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்பவரின் செவியும் இல்லை, தம் செவியும் இல்லை என்றால் அந்த மேடையில் இசைக்கலைஞனுக்கு என்ன மிச்சம் இருக்கிறது? 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வாசித்ததோடு அவர்கள் சுற்றுப்பயணத்தை நிறுத்தியது இயல்பான முடிவுதான். ஆனால் அதற்கு முன்பு, 1960 முதல் 1962 வரை, ஹாம்பர்க் நகரத்து இரவு விடுதிகளில் அவர்கள் ஒவ்வோர் இரவும் பல மணி நேரம் வாசித்திருக்கிறார்கள். அங்கே பார்வையாளர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். பிற்காலத்தில் பதிவுக்கூடத்தில் துணிந்து சோதனைகள் செய்வதற்கான பிடிப்பு அந்த இரவுகளில் கிடைத்தது என்பதே என் எண்ணம். குழு உடையும் தறுவாயில்கூட, 1969 ஜனவரி 30 அன்று, லண்டனில் தங்கள் அலுவலக மொட்டைமாடிக்கு ஏறிக் குளிர்காற்றில் சுமார் 42 நிமிடம் வாசித்தார்கள். அவர்கள் பார்வையாளர் முன் சேர்ந்து வாசித்தது அதுவே கடைசி.

கேள்வி: வீட்டில் தடுமாறாமல் வாசிக்கிறேன். நான்கு பேர் முன்னால் நின்றால் கை நடுங்குகிறது. எனக்கு மேடை சரிப்படாதா?

பதில்: வயலின் வாசிப்பவர்களுக்கு இந்த நடுக்கத்தை மறைக்கவே முடியாது. மெதுவான, நீண்ட ஒற்றைச் சுரத்தை வில்லால் இழுக்கும்போது வலக்கை சற்றே நடுங்கினாலும் வில் கம்பிமீது துள்ளும்; அந்தத் துள்ளல் கடைசி வரிசைவரை கேட்கும். எனக்கு அது இன்றும் உண்டு. செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் வாழ்நாள் முழுவதும் மேடை அச்சத்தோடுதான் வாசித்தார். பியானோ கலைஞர் விளாதிமிர் ஹோரோவிட்ஸ் 1953 முதல் 1965 வரை பன்னிரண்டு ஆண்டுகள் மேடையிலிருந்து விலகியே இருந்து, பிறகு கார்னகி அரங்கில் மீண்டும் வாசித்தார். ஆகவே இது திறமைக் குறைவின் அறிகுறியன்று.

உடம்பில் நடப்பது இதுதான். அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கிறது, விரல்கள் சில்லிடுகின்றன, மூச்சு மேலோட்டமாகிறது, நேரம் போகும் வேகத்தைப் பற்றிய உணர்வு மாறிவிடுகிறது. அதனால்தான் மேடையில் எல்லோரும் ஒத்திகையைவிட விரைவாக வாசித்துவிடுகிறார்கள். நான் என் மாணவர்களிடம் சொல்வது, மாடிப்படிகளில் இரண்டு முறை ஏறி இறங்கி, மூச்சு வாங்கும் நிலையிலேயே கருவியை எடுத்து முதல் பத்தியை வாசித்துப் பழக வேண்டும் என்பதுதான். துடிக்கும் இதயத்தோடு வாசிப்பது கைக்குப் பழகிவிட்டால் மேடையில் அது புதிதாகத் தோன்றாது. முதல் உருப்படியாகக் கடினமானதை ஒருபோதும் வைக்காதீர்கள். தொடங்கும் முன் மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை இரண்டு மடங்கு நீளமாகச் செய்யுங்கள். பத்து பேர் கொண்ட கூட்டங்களை அடிக்கடி தேடிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய மேடையைவிட மாதம் ஒரு சிறிய கூடம் நடுக்கத்தை நன்றாகத் தணிக்கும்.

சிலர் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளைச் சக கலைஞரிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகவே முடியலாம். மருத்துவர் உங்களைப் பரிசோதித்துத் தந்தாலன்றி அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: ஊதியம் இல்லாமல் வாசிக்க அழைக்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: அந்த மாலையால் அழைப்பவருக்கு வருமானம் உண்டென்றால் உங்களுக்கும் ஒரு பங்கு கேளுங்கள், கேட்பதில் கூச்சத்துக்கு இடமில்லை. யாருக்குமே வருமானம் இல்லாத, உண்மையாகவே கேட்பதற்காகக் கூடும் கூட்டம் என்றால் மனமுவந்து வாசியுங்கள்.

கேள்வி: ஒத்திகை அறையில் பிரமாதமாக ஒலிக்கும் எங்கள் குழு, அரங்கில் சேறு குழைத்தாற்போல் ஒலிக்கிறது. உழைத்ததெல்லாம் வீணாகிறதே என்று வெறுப்பாக இருக்கிறது.

பதில்: பெரும்பாலும் இது உங்கள் வாசிப்பின் குற்றமாக இருக்காது. ஒத்திகை அறையில் நால்வரும் ஒருவருக்கொருவர் இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கிறீர்கள். பெரிய மேடை கிடைத்தவுடன் பரந்து நின்றுவிடுகிறீர்கள். சாதாரண வெப்பநிலையில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் செல்கிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் தட்டு உங்களை வந்தடைய ஏறத்தாழ 0.03 நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டுகள் என்ற வேகத்தில் ஒரு தட்டின் கால்பங்கே 0.125 நொடிதான் என்னும்போது, இந்தத் தாமதம் தாளக்கட்டைக் கலைக்கப் போதுமானது. மேடை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் நெருங்கியே நில்லுங்கள்.

அடுத்தது, ஆளில்லாத கூடத்தில் சவுண்ட் செக் (ஒலிச் சோதனை) செய்து, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் வைத்த அளவுகள் ஆட்கள் நிறைந்த பிறகு பொருந்துவதில்லை. மனித உடலும் உடையும் மேல் சுரங்களையும் நடுச் சுரங்களையும் உறிஞ்சிக்கொள்கின்றன. கீழ்ச்சுரங்கள் அவ்வளவாகக் குறைவதில்லை. விளைவாகப் பேஸ் கிதார் மேலோங்கிப் பாடகரின் சொற்கள் அமுங்கிவிடுகின்றன. உடனே பாடகரின் மைக்கைக் கூட்டுகிறார்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மீண்டும் அதே மைக்குக்குள் புகுந்து சுழன்று வீறிடுகிறது. கூட்டுவதற்கு முன் மற்றவற்றைக் குறைத்துப் பாருங்கள். முதல் பாட்டு நடக்கும்போது குழுவைச் சாராத ஒரு நண்பர் கூடத்தின் நடுவில் நின்று கேட்டு, கையசைவால் சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும்.

எந்த ஆயத்தமும் கைகொடுக்காத இரவுகளும் வரும். 1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஓபரா அரங்கில் ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டுக்காக மேடையில் வைக்கப்பட்டிருந்தது அவர் கேட்டிருந்த பியானோ அன்று. அளவில் சிறியது, சுருதி சேராதது, மேல் சுரங்கள் மெலிந்து ஒலித்தன, பெடல்களும் சரியாக வேலை செய்யவில்லை. அவருக்கு முதுகுவலி வேறு. நிகழ்ச்சியையே கைவிட எண்ணியவர் கடைசியில் இரவு பதினொன்றரை மணியளவில் அமர்ந்து, மேல் சுரங்களைத் தவிர்த்து நடுப்பகுதியிலேயே பெரும்பாலும் தங்கி, இடக்கையால் ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்ப உருட்டி வலுவேற்றி, முன்தயாரிப்பு ஏதுமின்றி ஒரு மணி நேரத்துக்கும் மேல் வாசித்தார். அன்றைய ஒலிப்பதிவு, தனிப் பியானோ ஆல்பங்களில் மிக அதிகமாக விற்பனையானவற்றுள் ஒன்றாயிற்று. நல்ல பியானோ கிடைத்திருந்தால் அந்த வடிவத்தில் அந்த இசை பிறந்திருக்காது.

இன்னொரு சொல். ஒலியளவை எப்போதும் கவனியுங்கள். 85 டெசிபெல் அளவில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்வரை இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்றும் தொழில்சார் பாதுகாப்பு அளவுகோல் ஒன்று வரையறுக்கிறது. அதன்படி 100 டெசிபெல்லில் பதினைந்து நிமிடம்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் காதடைப்பான் இல்லாமல் ஒத்திகை பார்க்கக்கூடாது. இழந்த செவித்திறன் திரும்ப வராது.

கேள்வி: ஐம்பத்தெட்டு வயதில் புல்லாங்குழல் கற்கத் தொடங்கினேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மேடையேறும் அளவுக்கு ஒருபோதும் வரமாட்டேன் என்று தெரியும். இருந்தாலும் ஒருமுறையாவது பிறர் முன் வாசிக்க ஆசை. அதற்காக அவர்கள் நேரத்தை வீணாக்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறர் நேரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர் நிச்சயம் பிறர் நேரத்தை வீணாக்க மாட்டார். ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத, நீங்கள் நூறு முறை தவறாமல் வாசித்திருக்கக்கூடிய எளிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் திறமையின் உச்சியிலிருப்பதை எடுக்காதீர்கள், அதற்கு இரண்டு படி கீழே உள்ளதை எடுங்கள். உங்கள்மீது அன்புள்ள ஆறேழு பேரை ஒரு மாலை அழைத்து உட்கார வையுங்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டாம், முன்னுரையும் வேண்டாம். குளிர்ந்த குழலில் சுருதி சற்றே தாழ்ந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே அவர்கள் வருவதற்குக் கால்மணி நேரம் முன்பே உள்ளறையில் ஊதிச் சூடாக்கி வைத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் குழலை உடனே கீழே வைத்துவிடாதீர்கள். கடைசிச் சுரம் அறையில் அடங்கும்வரை அப்படியே பிடித்திருங்கள். அந்த இரண்டு மூன்று நொடி அமைதியில் அவர்கள் முகங்களைப் பாருங்கள். என்ன கண்டீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.